பல்லை எண்ணிய பிறகு பணத்தை எண்ணுங்கள்
(பழைய கார்களைப் பேணுவது குறித்த தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் பெயிண்ட், துரு, இருக்கைத் துணி பற்றியெல்லாம் அழகாகச் சொன்னார்கள். நான் பேசப்போவது காரின் அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் பின் அச்சைப் பற்றி. அதன் நடுவில் உருண்டையாக இருப்பதைப் பட்டறையில் 'டிஃபரன்ஷியல்' என்பார்கள். அது கெட்டுப்போனால் மாற்றித்தான் ஆக வேண்டும். எதைப் போடுவது என்பதில்தான் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். நாங்களும் செய்தோம்.

என் பெரியப்பாவிடம் 1959-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் இருக்கிறது. பினாங்கில் மூத்தவர்களுக்கு இந்தக் காரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இளைய நேயர்களுக்காகச் சொல்கிறேன். பின்னாளில் 'மினி' காரை உருவாக்கிய அலெக் இசிகோனிஸ்தான் இதையும் வடிவமைத்தார். 1948-இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. உற்பத்தி நிற்பதற்குள் 16 லட்சம் கார்களுக்கு மேல் வெளிவந்தன.

பெரியப்பாவின் காரில் பின்பக்கம் ஊளையிடும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எண்ணெயை அழுத்தினால் ஒரு சுருதி, காலை எடுத்தால் இன்னொரு சுருதி. திறந்து பார்த்தால், பற்களில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். 'கிரவுன் வீல்' என்கிற பெரிய பல் சக்கரமும் 'பினியன்' என்கிற சிறிய பல் சக்கரமும் தேய்ந்துவிட்டன.

இங்கே கொஞ்சம் கணக்கு. பெரிய சக்கரத்தின் பற்களைச் சிறிய சக்கரத்தின் பற்களால் வகுத்தால் வருவதுதான் அச்சின் விகிதம். பெரியப்பாவின் காரில் 41-க்கு 9. அதாவது 4.55. இஞ்சினிலிருந்து வரும் தண்டு நாலரை முறை சுற்றினால் பின் சக்கரம் ஒரு முறை சுற்றும். எண் பெரிதானால் மேடு ஏறும் பலம் கூடும், ஆனால் வேகமாகப் போகும்போது இஞ்சின் கத்தும். எண் சிறிதானால் நெடுஞ்சாலையில் இஞ்சின் நிம்மதியாக ஓடும், மேட்டில் மூச்சு வாங்கும்.

மோரிஸ் நிறுவனமே இந்த எண்ணை மாற்றிக்கொண்டே வந்தது. 803 சிசி இஞ்சின் காலத்தில் 5.28. 1956-இல் 948 சிசி வந்தபோது 4.55. 1962-இல் 1098 சிசி வந்தபோது 4.22. இஞ்சின் பலம் கூடக்கூட எண் குறைந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஜி. மிட்ஜெட்டின் பிற்காலக் கார்களில் 3.9. ரைலி 1.5 காரில் 3.73. அதன் இஞ்சின் 1489 சிசி என்பதை மறந்துவிடக் கூடாது.

எங்களுக்கு யோசனை சொன்னவர்கள் எல்லாரும், "எண் சிறிசா இருந்தா காடி பறக்கும்" என்றார்கள். பெரியம்மாவை அழைத்துக்கொண்டு சுங்கை பட்டாணியில் இருக்கும் மகள் வீட்டுக்கு மாதம் இருமுறை போக வேண்டும் என்பது பெரியப்பாவின் ஆசை. அதனால் மிட்ஜெட்டின் 3.9 பல் ஜோடியைத் தேடி வாங்கிப் போட்டோம்.

முதல் வாரம் மகிழ்ச்சிதான். மணிக்கு 80 கிலோமீட்டரில் முன்பு ஏறக்குறைய 3,400 சுற்று சுற்றிய இஞ்சின் இப்போது 2,900-தான் சுற்றியது. உள்ளே உட்கார்ந்து பேச முடிந்தது.

இரண்டாவது வாரம் டுரியான் பருவம். நான்கு பேர் ஏறி, தெலுக் பஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் வழியாக பாலிக் பூலாவுக்குப் புறப்பட்டோம். எப்போதும் மூன்றாவது கியரில் ஏறும் மேட்டில் கார் திணறியது. இரண்டாவது கியருக்கு இறக்கினால் இஞ்சின் அலறியது. விகிதம் 4.55-லிருந்து 3.9-க்கு வந்ததால், சக்கரத்துக்குப் போகும் இழுவை 14 விழுக்காடு குறைந்துவிட்டது. அந்தச் சிறிய இஞ்சினுக்கு 14 என்பது பெரிய இழப்பு.

அதைவிட ஆபத்தானது மூன்றாவது வாரம் தெரிந்தது. நெடுஞ்சாலையில் பெரியப்பா ஓட்டுகிறார், நான் பக்கத்தில். கைபேசியில் வழிகாட்டி ஓடுகிறது. "பெரியப்பா, கொஞ்சம் மெதுவாப் போங்க. 93 காட்டுது" என்றேன். "இல்லம்மா, அம்பது மைல்லதான் போறேன். மீட்டரப் பாரு" என்றார். முள் 50 மைலில்தான் நின்றது. 50 மைல் என்றால் 80 கிலோமீட்டர். இரண்டில் எது பொய்?

மீட்டர்தான் பொய். அதற்கான கம்பி கியர் பெட்டியிலிருந்து வருகிறது. பின்னால் நாம் பல்லை மாற்றியது அதற்குத் தெரியாது. பழைய கணக்கிலேயே வேகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. 80-க்கும் 93-க்கும் 13-தானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். ஓடும் காரின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். நிறுத்த வேண்டிய ஆற்றல் 35 விழுக்காடு கூடிவிட்டது. நிறுத்துவதோ அதே 7 அங்குல டிரம் பிரேக். 1098 சிசி கார் வந்தபோது முன் பிரேக்கை 8 அங்குலமாக்கினார்கள். பலத்தைக் கூட்டியவர்கள் பிரேக்கையும் கூட்டினார்கள். நாங்கள் பல்லை மட்டும் மாற்றினோம். இரண்டு வாரம் பெரியம்மாவைப் பின்னால் உட்கார வைத்து, வேகம் தெரியாமலே ஓட்டியிருக்கிறோம். நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

கடைசியில் 3.9-ஐக் கழற்றிவிட்டு 4.22 போட்டோம். 80 கிலோமீட்டரில் சுமார் 3,100 சுற்று. இழுவை இழப்பு 7 விழுக்காடுதான். தித்தி கெராவாங் மேட்டில் மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது. மீட்டரையும் புதிய கணக்குக்குத் திருத்தினோம். பிரேக்கை முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தோம்.

பழைய கார் வைத்திருக்கும் நேயர்களுக்கு நான் சொல்வது இதுதான். எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முன்னால், ஒரு மாதம் நீங்கள் எந்தச் சாலையில் ஓட்டினீர்கள் என்று எழுதிப் பாருங்கள். ஆயர் ஈத்தாமும் ஜார்ஜ் டவுனும்தான் என்றால், கார் பிறந்தபோது இருந்த எண்ணே போதும். அக்கரைக்கு அடிக்கடி போவீர்கள் என்றால் ஒரு படி குறையுங்கள். இரண்டு படி தாண்ட வேண்டுமானால் இஞ்சினும் பிரேக்கும் கூடவே வளர வேண்டும்.

வாங்கும்போது விற்பவர் சொல்லும் எண்ணை நம்பாதீர்கள், எண்ணிப் பாருங்கள். தனி அச்சாக இருந்தால் ஒரு பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு பக்கத்தைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். அப்போது பினியன் தண்டு எத்தனை முறை சுற்றுகிறதோ அதுதான் விகிதம். நாலரை வந்தால் 4.55. நான்கும் கால்வாசிக்குச் சற்றுக் குறைவும் என்றால் 4.22. நான்குக்குக் கொஞ்சம் முன்னால் நின்றால் 3.9. கிரவுன் வீலும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி. ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று வாங்காதீர்கள். பழைய எண்ணெயை வடித்துப் பாருங்கள். இரும்புத் துகள் மின்னினால் திரும்பி வந்துவிடுங்கள்.

அசல் பொருளை மாற்றுவது பாவம் என்று சிலர் நினைக்கலாம். ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இங்கே பழைய கடைவீடுகளின் முகப்பைக் காப்பாற்றிக்கொண்டே, உள்ளே மின்கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் புதிதாக்குகிறோம். அதில் மனிதர்கள் தொடர்ந்து வாழ வேண்டும் என்பதால்தான். காருக்கும் அதுவே நியாயம். பெரியப்பா அந்தப் பழைய 41-க்கு 9 ஜோடியை வீசவில்லை. கிரீஸ் தடவி, துணியில் சுற்றி, எண்ணை எழுதி வைத்திருக்கிறார். நாளைக்கு யாராவது அசலைத் திரும்பப் போட நினைத்தால் போட்டுக்கொள்ளலாம்.

போன மாதமும் அவர்கள் மகள் வீட்டுக்குப் போய் வந்தார்கள். மீட்டரில் 50 மைல். கைபேசியில் 80 கிலோமீட்டர். இரண்டும் ஒத்துப்போகிறது என்று போனில் சொல்லிச் சிரித்தார்.