வெறியாட்டும் குரவையும்: தலைமை உரை



செவ்வியல் நடனம் நோயை ஆற்றும், ஆன்மாவை உயர்த்தும் என்ற பேச்சு இப்போது மேடைதோறும் கேட்கிறது. எந்த முத்திரை பிடித்தால் எந்த நோய் போகும் என்று அட்டவணை போட்டுத் தரும் சிறு நூல்களும் வந்துவிட்டன. நடனம் ஒன்றுக்கும் உதவாத பொழுதுபோக்கு என்ற பழைய ஏளனத்தைவிட இது மேல் என்று சிலர் ஆறுதல் கொள்ளலாம். எனக்கு அந்த ஆறுதல் இல்லை. மிகையான புகழ் ஒரு கலையைக் கூர்ந்து பார்க்கவிடாமல் செய்துவிடும். இந்த அவையின் முன் நான் வைக்க விரும்பும் கருத்து ஒன்றுதான். ஆட்டத்துக்கு ஆற்றும் திறன் உண்டு. ஆனால் அது விரல்களில் இல்லை. ஆடுபவர் யாரோடு சேர்ந்து ஆடுகிறார், எந்தத் தாளத்துக்குக் கட்டுப்படுகிறார், எத்தனை காலம் பழகுகிறார், யார் முன்னால் நிற்கிறார் என்பவற்றில்தான் அது இருக்கிறது. இதற்குச் சான்று தேடி மருத்துவ ஆய்வேடுகளுக்குப் போகுமுன் நம் இலக்கியத்தைக் கேட்டுவிடலாம். அது இந்த வழக்கை முன்பே விசாரித்திருக்கிறது.

சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு அடிக்கடி வருகிறது. தலைவி மெலிகிறாள், வளை நெகிழ்கிறது, பசலை படர்கிறது. தாய் கலங்கிப்போய்க் குறி கேட்கிறாள். முருகன் அணங்கினான் என்று குறி சொல்கிறது. முற்றத்தில் புதுமணல் பரப்புகிறார்கள், ஆட்டுமறியை அறுக்கிறார்கள், முருகன் பூசாரியான வேலன் வேலேந்தி ஆடுகிறான். தோழியோ சிரிக்கிறாள். மெலிவைத் தந்தவன் மலைநாட்டுக்காரன் ஒருவன். இதற்கு முருகன் என்ன செய்வான் என்பது அவள் கேலி. ஆட்டத்தையே இகழ்ந்த புலவர்களாக இவர்களை எண்ணிவிடக் கூடாது. வேலனின் ஆட்டத்தை ரசித்து வருணித்தவர்களும் இவர்களே. அவர்கள் சிரித்தது ஆட்டம் நடந்த முறையைப் பார்த்து. நோயாளி ஒரு மூலையில் கிடக்கிறாள். அவளை ஒரு வார்த்தை கேட்பாரில்லை. வேறொருவன் அவளுக்காக ஆடித் தீர்க்கப் பார்க்கிறான். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்தச் சிரிப்பு இன்றைய முத்திரை அட்டவணைக்கும் பொருந்தும். அங்கேயும் நோயாளியை யாரும் கேட்பதில்லை.

இதன் எதிர்ப்பக்கத்தில், சிலப்பதிகாரத்தில், இளங்கோவடிகள் ஆய்ச்சியர் குரவையை வைத்திருக்கிறார். மதுரைப் புறஞ்சேரியில் குடத்துப் பால் உறையவில்லை, உறியில் வைத்த வெண்ணெய் உருகவில்லை, காளைகளின் கண்களில் நீர் வழிகிறது. ஏதோ வரப்போகிறது என்று இடைச்சேரி அஞ்சுகிறது, என்னவென்று தெரியவில்லை. கண்ணகிக்கு அடைக்கலம் தந்த இடைக்குல மூதாட்டி மாதரி வேலனையோ வேறு பூசாரியையோ அழைக்கவில்லை. ஆக்களும் கன்றுகளும் துயர் நீங்கட்டும் என்று நாமே குரவையாடுவோம் என்கிறாள். ஏழு பெண்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரை ஏற்று, கை கோத்து வட்டமாக நிற்கிறார்கள். ஒருத்தி கையை விட்டால் பண்ணே உடைந்துவிடும். கண்ணகி பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆட்டம் முடிகிறது, மாதரி வையைக்கு நீராடப் போகிறாள், கோவலன் கொலையுண்ட செய்தி ஊரிலிருந்து வந்து சேர்கிறது. குரவை அவனைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியதாக ஒரு புனைவைச் சேர்க்க இளங்கோவுக்கு மனம் வரவில்லை. என்றாலும் அந்தக் காதையை வீண்முயற்சியின் கதையாக யாரும் படிப்பதில்லை. பெயர் தெரியாத அச்சத்தில் இருந்தவர்களை அது ஒழுங்கில் நிறுத்தியது. அஞ்சுபவர்கள் தாமே ஆடினார்கள், தனியாக அல்ல. வெறியாட்டுக்கும் குரவைக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாடே என் வாதத்தின் அடிப்படை.

நாம் கூடியிருக்கும் நீலகிரிச் சோலூருக்கே வருகிறேன். கோத்தர் பழங்குடியினரின் ஏழு ஊர்களுள் ஒன்றான சோலூர்க் கோக்கால் இங்கேதான் இருக்கிறது. மார்கழியை ஒட்டிய குளிரில் கோத்தர்கள் தம் தெய்வத்துக்கு எடுக்கும் பெருவிழாவில் நாகசுரத்துக்கு உறவான ஊதுகருவியும் கொம்பும் பறைகளும் முழங்க, ஆண்களும் பெண்களும் தத்தம் முறையில் வட்டமிட்டு ஆடுகிறார்கள். தெய்வத்துக்குரிய இசை வேறு, சாவுக்குரிய இசை வேறு என்ற அவர்களது வரையறையையும், ஊர் ஒன்றுபட்டு நிற்பதில் அவர்கள் காட்டும் அக்கறையையும் இசை ஆய்வாளர் ரிச்சர்ட் உல்ஃப் 2005இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். துயரத்துக்கென்று தனி இசையும் காலமும் ஒதுக்கி, அது முடிந்தபின் மகிழ்ச்சிக்கு வேறு இசையோடு வந்து சேர்கிற ஒரு சமூகத்திடம், மனநலம் பற்றிப் பேசுகிறவர்கள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

இது செவ்வியல் அல்லவே, பழங்குடி ஆட்டத்தையும் பரதத்தையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்க வேண்டியதில்லை. நுட்பம் வேறு, பயிற்சி வேறு, பயன் வேறு. ஆனால் மாதவியின் அரங்கேற்றத்தை இலக்கண நுணுக்கத்தோடு சொன்ன அதே காப்பியம்தான் குரவையையும் சொன்னது. இரண்டையும் ஒரே நூலில் வைக்க அதற்குக் கூச்சமில்லை. சதிர் என்று வழங்கிய ஆட்டத்துக்குப் பரதநாட்டியம் என்ற பெயர் பரவலாக நிலைத்ததே 1930களில்தான். நாட்டிய சாஸ்திரமும் தன் முதல் அத்தியாயத்தில் துயருற்றோருக்கும் உழைத்துக் களைத்தோருக்கும் நாட்டியம் உரிய வேளையில் இளைப்பாறுதல் தரும் என்ற அளவில் நிற்கிறது. நோய் தீர்க்கும் என்று சொல்லவில்லை. பரத முனிவரின் நிதானம் அவர் பெயரைச் சொல்லும் நம்மிடமும் இருந்தால் நல்லது.

இனி மருத்துவம் என்ன சொல்கிறது? 1942இல் வாஷிங்டனிலுள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் மரியன் சேஸ் நடனத்தைச் சிகிச்சையின் துணையாகக் கொண்டுவந்தார். பேச்சற்றுப்போன நோயாளிகளை வட்டமாக நிறுத்தி, அவர்கள் அசைவையே எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பதில் அசைவு தருவது அவர் முறை. குரவையைக் கேள்விப்பட்டிராத ஒருவர் அதே வட்டத்துக்கு வந்து சேர்ந்தார். நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு 2001இல் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வகுப்புத் தொடங்கியது. அந்த நோயில் அசைவைத் தொடங்கிவைக்கும் மூளைப்பகுதி தளர்ந்துபோகிறது. வெளியிலிருந்து ஒரு சீரான தாளம் கேட்டால் உறைந்த கால் அடியெடுத்து வைக்க எளிதாகிறது. நட்டுவனாரின் தட்டுக்கழி தினமும் செய்யும் வேலை இதுதான். ஆனால் அழிந்த உயிரணுக்கள் தாளத்தால் திரும்பி வருவதில்லை. சென்னையில் அம்பிகா காமேஷ்வர் 1989இல் தொடங்கிய ‘ரசா’ மாற்றுத்திறன் கொண்டவர்களுக்கு ஆடல், பாடல், நாடகம் வழியாகப் பயிற்சி அளிக்கிறது. கொல்கத்தாவில் 2004இல் தொடங்கிய ‘சன்வேத்’ கடத்தலுக்கும் வன்முறைக்கும் ஆளான பெண்களோடு நடனத்தைக் கொண்டே வேலை செய்கிறது. இவற்றில் எங்கும் ஒருவர் இன்னொருவருக்காக ஆடித் தீர்ப்பதில்லை. துன்பப்பட்டவரே ஆடுகிறார்.

மேடைகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஓர் ஆய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2003இல் வெளியான அந்த நியூயார்க் ஆய்வு, 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. உடலியக்கங்களுள் நடனம் மட்டுமே மறதிநோய்க்கான குறைந்த வாய்ப்போடு சேர்ந்து காணப்பட்டது. இதைக் கேட்டதும் நாம் கைதட்டிவிடுகிறோம். அங்கே ஆடப்பட்டது பரதம் அல்ல. மூளை நலமாக இருந்தவர்களே ஆடப் போயிருக்கலாம் என்ற ஐயமும் தீரவில்லை. நமக்குச் சாதகமான சான்றையும் பாதகமானதைப் போலவே சந்தேகத்தோடு பார்க்கப் பழகினால்தான் மருத்துவர்கள் நம் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

பாதகமானவையும் உண்டு. இடுப்பெலும்பு அனுமதிக்கும் அளவுக்கு மேல் முழங்காலைத் திருப்பி அரைமண்டி போடவைத்தால் முட்டி கெடும். சிமெண்டுத் தரையில் ஆண்டுக்கணக்கில் தட்டடவு போட்டவர்களின் குதிகாலையும் இடுப்பையும் கேட்டால் வேறு கதை சொல்லும். காயப்படுத்தும் கலை எப்படி ஆற்றும் கலையாகும் என்ற கேள்வி நியாயமானது. முறையாகக் கற்பித்தால் ஆற்றும், இல்லாவிட்டால் காயப்படுத்தும் என்பதே பதில். அந்த முறையைத் தீர்மானிப்பதில் உடலியக்க மருத்துவருக்கும் இடம் வேண்டும். இதைவிடக் கடுமையான எல்லை ஒன்று இந்த மலையிலேயே இருக்கிறது. இந்தியாவில் அரிவாளணு இரத்தசோகையின் மரபுக்கூறு முதலில் கண்டறியப்பட்டது 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அதற்கு இரத்தப் பரிசோதனையும் மருந்தும் மருத்துவமனையும் வேண்டும். எந்த முத்திரையும் சிவப்பணுவின் வடிவத்தை மாற்றாது. இதை இந்த மலையில் நின்று சொல்லத் தயங்கினால் நம் கருத்தரங்குக்குப் பெயர் கருத்தரங்கு அல்ல.

ஆற்றுதலைப் பேசுகிற நாம் இந்தக் கலைக்கே நேர்ந்த காயத்தைத் தாண்டிப் போக முடியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மருத்துவர். சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கத்தை ஒழிக்கவேண்டிய சமூக நோயாகக் கண்டார். 1932இல் சதிராட்டம் குறித்து அவருக்கும் அதை ஆதரித்த ஈ. கிருஷ்ண ஐயருக்கும் பத்திரிகைகளில் பெரும் விவாதம் நடந்தது. 1947இல் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. சிறுமிகளைக் காக்க எழுந்த அந்தக் குரல் நியாயமானது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்கள் மேடையையும் வருவாயையும் மதிப்பையும் இழந்தார்கள். 1936இல் கலாக்ஷேத்திரம் தோன்றிய காலத்திலிருந்து அதே கலை வேறு வீடுகளில் பெருமையாக வளர்ந்தது. நோய் என்று ஒதுக்கப்பட்ட கலையை இன்று மருந்து என்கிறோம். இந்த மலையிலும் இதற்கு இணையான ஒன்று நடந்தது. இங்குள்ள படகர் சமூகத்தின் சாவுச் சடங்குகளில் கோத்தர் இசைப்பது வழக்கமாக இருந்தது. சீர்திருத்த வேகத்தில் படகர்களுள் ஒரு சாரார் 1930களில் அதைக் கைவிட முனைந்ததை மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் பதிவு செய்திருக்கிறார். வட்டத்திலிருந்து யாரை வெளியே அனுப்பினோம் என்ற கணக்கைப் பார்க்காமல் வட்டத்தின் ஆற்றலைப் பாடிக்கொண்டிருப்பது நேர்மையல்ல.

ஆன்ம வளர்ச்சி என்ற பேச்சுக்கும் இந்தக் கணக்கிலிருந்தே வருகிறேன். சதிர்மரபில் பிறந்து, 1925இல் ஏழு வயதில் காஞ்சி காமாட்சியம்மன் கோயிலில் அரங்கேறிய பாலசரஸ்வதி, 1975இல் தமிழிசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில் அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான கச்சேரி முறையைக் கோயிலுக்குள் படிப்படியாக நுழைவதாக விளக்கினார். அதில் கருவறையின் இடம் பதத்துக்கு. அதாவது காதலும் ஊடலும் பாடும் பாட்டுக்கு. சிருங்காரத்தைக் கழுவிவிட்டால்தான் ஆன்மீகம் என்று நம்பிய காலத்தில் அவர் அதை மறுத்தார். எனக்கு இது வெறியாட்டைக் கண்டு சிரித்த தோழியின் பேச்சாகவே கேட்கிறது: நோய் காதல் என்றால் காதல் என்று சொல், தெய்வத்தின் தலையில் போடாதே. உணர்ச்சியை மறைக்காமல், அதே வேளையில் தாளத்துக்கும் அடவுக்கும் விட்டுக்கொடுத்து நிற்கப் பழகுவதை நான் ஆன்ம வளர்ச்சி என்பேன். அளக்க முடியாததை எப்படி ஏற்பது என்று அறிவியலார் கேட்டால், அளக்க முடிந்த பலனாக இதை நாம் விற்காதிருப்பதே முறையான பதில்.

கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களிடம் சில வேண்டுகோள்கள். முத்திரைக்கும் நோய்க்கும் முடிச்சுப்போடும் பகுதி உங்கள் கட்டுரையில் இருந்தால், சான்றைக் காட்டுங்கள், இல்லையேல் நீக்கிவிடுங்கள். ஆடியவர்கள் எத்தனை பேர், எத்தனை மாதம் ஆடினார்கள், இடையில் நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்று எழுதுங்கள். நின்றவர்களின் காரணத்தில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. சிகிச்சை என்று சொல்லி வகுப்பு நடத்துவோர் நோயாளியின் மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை தமக்கில்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கோத்தர் ஆட்டத்தைப் பற்றி எழுத விரும்புவோர் கோக்கால் பெரியவர்களைக் கேட்டு, அவர்கள் எதைப் பதிவு செய்யலாம் என்கிறார்களோ அதை மட்டும் பதிவு செய்யுங்கள். தெய்வ இசையைப் படம்பிடிக்க வேண்டாம் என்றால் கருவியை உறையிலேயே வையுங்கள்.