அடங்காத பிள்ளையா, யாரும் சொல்லித்தராத பிள்ளையா?

(ஆதரவாளர்களின் கூடுகையில் எங்கள் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு ஊழியர்கள் ஆற்றிய உரை)



மிஷன் ஆஸ்பத்திரி என்றால் கட்டில், மருந்து, அறுவை சிகிச்சை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இன்று நாங்கள் பேச வந்திருப்பது எந்த எக்ஸ்ரே படத்திலும் தெரியாத ஒரு காரியத்தைக் குறித்து. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் பெற்ற தாய் தகப்பனிடம் வளர முடியாமல் வேறு குடும்பங்களில் வளர்ந்துவரும் பிள்ளைகளுக்கு, நாலு பேரோடு நல்லவிதமாகப் பழகக் கற்றுக்கொடுக்கும் வேலையே அது.

திண்டிவனம் என்றதும் மிஷன் மருத்துவ ஊழியத்தை நேசிக்கிற யாருக்கும் ஐடா ஸ்கடர் அம்மையாரின் நினைவு வரும். 1890களில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவிமாரைப் பார்க்கப் பெண் மருத்துவர் இல்லாததால் மூவருமே மாண்டுபோனார்கள். அந்த இரவிலிருந்துதான் வேலூர் மருத்துவமனையின் கதை பிறந்தது. நாம் அந்தத் தாய்மாரைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் தாய் இல்லாமற்போன வீட்டில் பிள்ளைகளை யார் வளர்க்கிறார்கள், எப்படி வளர்க்கிறார்கள் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

இவர்கள் யார்?

பிரசவத்தில் தாய் இறப்பது இன்று மிகவும் குறைந்துவிட்டது. ஆனாலும் பிள்ளைகள் பெற்றோரை இழப்பது நின்றுவிடவில்லை. விபத்து, தற்கொலை, நோய், குடி என்று காரணங்கள் பல. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் பலரைக் கொண்டுபோயிற்று. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், அதே விஷத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். தாயையும் தகப்பனையும் ஒருசேர இழந்த பிள்ளைகளும் அங்கே உண்டு. பெற்றோர் உயிரோடிருந்தும் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் முன்பணம் வாங்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போகும் குடும்பங்களில், ஆயாவிடம் விட்டுச்செல்லப்பட்ட பிள்ளைகளையும் நாங்கள் பார்க்கிறோம். இருளர் குடியிருப்புகளில் இது புதிதல்ல.

இப்படிப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோரை உறவினர்களே வளர்க்கிறார்கள். உறவும் இல்லாத பிள்ளையை, அல்லது உறவில் பாதுகாப்பில்லாத பிள்ளையை, இல்லத்துக்கு அனுப்பாமல் வேறொரு குடும்பத்தில் வைத்து வளர்க்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதை வளர்ப்புப் பராமரிப்பு என்கிறது. இது தத்தெடுப்பு அல்ல. மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு பெற்றுத்தான் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியும். 2024இல் திருத்தப்பட்ட வழிகாட்டுதலின்படி, 35 முதல் 60 வயது வரையுள்ள தனி நபர்களும் விண்ணப்பிக்கலாம். இரண்டு ஆண்டுகள் வளர்த்தபின், சட்டப்படி தத்துக்கு விடத்தக்க பிள்ளையானால் தத்தெடுக்கவும் கேட்கலாம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதலில் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் உதவிக்கு இடமுண்டு. உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக்கரங்கள் திட்டத்தைத் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது.

ஆகவே சோற்றுக்கும் துணிக்கும் வழி ஓரளவு உண்டு. அப்படியானால் எங்கே இடறுகிறது?

"எங்களால் முடியவில்லை"

முதல் மாதம் வீடே மகிழ்ச்சியாயிருக்கும். இரண்டாம் மாதம் புகார் தொடங்கும். "பொய் சொல்கிறான்." "பக்கத்து வீட்டில் எடுத்துவிட்டாள்." "கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை." "தம்பியைக் கடிக்கிறான்." ஆறாம் மாதம் அந்த வார்த்தை வந்துவிடும்: "எங்களால் முடியவில்லை ஐயா, கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்."

ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பெரிய காயம் வேறில்லை. ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்த பிள்ளை இரண்டாவது வீட்டையும் இழக்கிறது. "என்னை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்" என்பது அதன் மனதில் பதிந்துவிடுகிறது. மூன்றாவது வீட்டில் அது முதல் நாளிலேயே எல்லாரையும் சோதித்துப் பார்க்கும்.

ஆனால் அந்தப் புகார்களைச் சற்று நிதானமாகப் பாருங்கள். சோற்றை ஒளித்துவைக்கிற பிள்ளை, அடுத்த வேளை உண்டா இல்லையா என்று தெரியாத வீட்டில் வளர்ந்தது. பொய் சொல்கிற பிள்ளை, உண்மை சொன்னபோது அடி வாங்கியது. முன்பின் தெரியாதவர் மடியிலும் ஏறி உட்காருகிற பிள்ளை, யார் நம்மவர் என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே இல்லாமல் வளர்ந்தது. பழைய வீட்டில் பிழைப்பதற்குக் கற்றுக்கொண்டதைத்தான் அது புதிய வீட்டிலும் செய்கிறது. புதிய வீட்டுக்கு வேண்டியதை அதற்கு யாரும் இன்னும் சொல்லித்தரவில்லை.

முதலில் காதைப் பாருங்கள்

மருத்துவமனை ஊழியர்களாகிய நாங்கள் இதையே முதலில் சொல்லுவோம். சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று கொண்டுவரப்படும் பிள்ளையின் காதில் சீழ் வடிந்துகொண்டிருக்கும். காது மந்தமான பிள்ளை எப்படிக் கீழ்ப்படியும்? சோம்பேறி என்று பெயர் வாங்கிய பிள்ளைக்கு இரத்தசோகை இருக்கும், குடலில் பூச்சி இருக்கும். பாடத்தின் நடுவே வெறித்துப் பார்க்கும் பிள்ளைக்குச் சிறிய வலிப்பு இருக்கலாம். படுக்கையை நனைக்கிற பிள்ளை வேண்டுமென்று நனைப்பதில்லை. காது, கண், இரத்தம், தூக்கம் இவற்றைப் பார்த்தபிறகே குணத்தைப் பற்றிப் பேச வேண்டும். தேவைப்பட்டால் முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, வேலூர் சி.எம்.சி.யின் குழந்தைகள் மனநலப் பிரிவுக்கோ அனுப்பலாம்.

எப்படிக் கற்றுக்கொடுப்பது?

நீச்சலைத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக் கற்றுக்கொடுக்க முடியாது, கிணற்றில் இறங்கவேண்டும். பழக்கமும் அப்படியே. இதற்கு நான்கு படிகள் உண்டு: சொல்லுதல், செய்து காட்டுதல், செய்ய வைத்தல், உடனே பாராட்டித் திருத்துதல். நம் வீடுகளில் பெரும்பாலும் முதல் படியோடு நின்றுவிடுகிறோம். "ஒழுங்காக இரு" என்று நூறு முறை சொல்லுகிறோம். ஒழுங்கு என்றால் கையை எங்கே வைப்பது, வாயால் என்ன சொல்வது என்று காட்டுவதில்லை.

ஒரு உதாரணம் சொல்லுகிறோம். பிள்ளை யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறோம். எட்டு வயதுப் பெண் பிள்ளை, பெரியம்மா வீட்டில் வளருகிறாள். தலையணைக்கு அடியில் இட்லி, பாவாடை மடிப்பில் வெல்லம், வீடெல்லாம் எறும்பு. பெரியம்மா அடித்தும் பார்த்தார், பூட்டியும் பார்த்தார். ஒளித்துவைப்பது அதிகமாயிற்று. நாங்கள் அந்த அம்மாவிடம் மூன்று காரியங்களை எழுதிவைக்கச் சொன்னோம்: நடப்பதற்கு முன் என்ன, நடந்தது என்ன, அதற்குப் பின் என்ன. ஒரு வாரத்தில் தெளிவாயிற்று. பெரியம்மா வேலைக்குக் கிளம்பும் காலைகளில் மட்டுமே இது நடந்தது.

அப்புறம் ஒரு சிறிய டப்பாவில் பொட்டுக்கடலையும் பொரியும் போட்டு, அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தோம். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், தினமும் இரவு அவள் முன்பாகவே அதை நிரப்பவேண்டும். கூடவே "பெரியம்மா, எனக்குப் பசிக்குது, ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்க நாடகம்போல் பழக்கினோம். முதலில் பெரியம்மா பிள்ளையாக நடித்துக் காட்டினார், பிறகு அவள் கேட்டாள். கேட்டவுடன் கிடைத்தது. சில வாரங்களில் தலையணைக்கு அடியில் ஒன்றுமில்லை. டப்பா பாதிக்குமேல் காலியாவதும் இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது உணவைவிட, உணவு இருக்கும் என்கிற நம்பிக்கை.

இதேபோல் கோபம் வரும்போது அடிக்காமல் வாசற்படியில் போய் உட்கார்ந்து பத்து மூச்சு விடுவது, விளையாட்டில் தன் முறை வரும்வரை காத்திருப்பது, தவறு செய்தால் அதைத் தானே வந்து சொல்வது ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுக்கலாம். யார் தொட்டாலும் பிடிக்கவில்லையென்றால் "வேண்டாம்" என்று சொல்லவும், நம்பிக்கையான பெரியவரிடம் ஓடிவந்து சொல்லவும், 1098 என்ற எண்ணை மறவாதிருக்கவும் பழக்குவது மிக அவசியம்.

வளர்ப்பவர்கள் கற்கவேண்டியவை

உண்மையில் பாடம் பாதி பிள்ளைக்கு, பாதி பெரியவர்களுக்கு. பாராட்டினால் குறிப்பாகப் பாராட்டவேண்டும். "நல்ல பொண்ணு" என்பதைவிட, "கேட்டவுடனே செருப்பை ஓரமாக வைத்தாயே, நல்லது" என்பது பிள்ளைக்கு வழி காட்டும். கட்டளையை அடுப்படியிலிருந்து கத்தாமல், பக்கத்தில் போய், ஒரு நேரத்தில் ஒன்றைச் சொல்லி, சற்றுக் காத்திருக்கவேண்டும். தினமும் ஐந்து நிமிடமாவது பிள்ளை விரும்பும் விளையாட்டில், கேள்வி கேட்காமல், புத்தி சொல்லாமல் கூட உட்காரவேண்டும். இதற்குப் பணம் வேண்டாம். ஆனால் களைத்துப்போன ஒரு ஆயாவுக்கு இது எளிதல்ல என்பதை நாங்கள் அறிவோம்.

"அடியாத மாடு படியாது" என்பார்கள். நீதிமொழிகளில் பிரம்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறதே என்று சபைப் பெரியவர்களும் கேட்பதுண்டு. மேய்ப்பன் கையில் கோல் இருப்பது ஆட்டுக்கு வழிகாட்டவும் ஓநாயை விரட்டவும்தானே? அடிபட்டு வந்த பிள்ளைக்கு அடி புதிய பாடமல்ல, பழைய பாடத்தின் தொடர்ச்சி. அது பயப்படவும் ஒளிக்கவும் கற்றுக்கொடுக்கும். மேலும், பராமரிப்பில் உள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அதேபோல, வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் ஆள் கிடைத்தது என்று பிள்ளையை வாங்கிக்கொள்வது வளர்ப்பு அல்ல.

பிற நாடுகளின் அனுபவம்

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டளவில் ஒரு முக்கியமான ஆய்வு தொடங்கியது. இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியினர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும் பாசப்பிணைப்பும் மேம்பட்டன, இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு நன்மை அதிகம். நம்மிடம் வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் அந்த வயதைக் கடந்தவர்கள். ஆகவே அவர்களுக்குக் குடும்பம் மட்டும் போதாது, கற்பித்தலும் வேண்டும்.

அமெரிக்காவில் பாட்ரிசியா சேம்பர்லினும் உடன் ஊழியர்களும் வளர்ப்புப் பெற்றோரிடம் தொலைபேசியில், கடந்த ஒரு நாளில் பிள்ளை என்னென்ன தொந்தரவு செய்தது என்று கேட்டுக் குறித்தார்கள். 2006இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒரு நாளைக்கு ஆறு வரை குடும்பங்கள் தாங்கிக்கொண்டன. ஆறுக்குமேல் கூடக்கூட, பிள்ளை வீடு மாற்றப்படும் அபாயமும் கூடிற்று. பின்பு சான் டியேகோ நகரப் பகுதியில் 700 குடும்பங்களைக் கொண்டு நடந்த ஆய்வில், ஒரு பிரிவினர் 16 வாரங்கள் கூடிப் பயிற்சி பெற்றார்கள். அவர்கள் அதிகமாகப் பாராட்டக் கற்றார்கள், பிள்ளைகளின் தொந்தரவும் குறைந்தது.

இதில் நமக்குப் பெரிய ஆறுதல் இருக்கிறது. பிள்ளையைச் சாமுவேலாக மாற்றினால்தான் வீடு நிலைக்கும் என்பதில்லை. பத்துத் தொந்தரவு ஐந்தாகக் குறைந்தாலே போதும், "கூட்டிக்கொண்டு போங்கள்" என்ற வார்த்தை வராது. பிள்ளைக்கு வீடு நிலைக்கும். நிலைத்த வீட்டில் மீதி ஐந்தும் மெல்ல மெல்லக் குறையும்.

எங்கள் விண்ணப்பம்

நம் சபைகள் போர்டிங் கட்டடங்களுக்கு மனமுவந்து கொடுத்தவை. அந்தக் கட்டடங்களில் படித்து முன்னுக்கு வந்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் உண்டு. அந்தத் தியாகத்தை நாங்கள் கனம்பண்ணுகிறோம். ஆனால் இந்தப் பணியில் கல்வெட்டில் பெயர் பொறிக்கக் கட்டடம் எதுவும் இல்லை. வாரம் ஒருமுறை மயிலம் பக்கத்துக் கிராமத்துக்கோ மரக்காணம் கடற்கரைக்கோ பஸ் ஏறிப்போய், ஒரு ஆயாவோடு தரையில் உட்கார்ந்து, பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டுவருகிற ஊழியரே இதில் கட்டடம். அவருடைய பஸ் சார்ஜுக்கும் சம்பளத்துக்கும் கொடுப்பதைக் குறைவான காணிக்கை என்று எண்ணாதிருங்கள்.

இரண்டாவதாக, உங்கள் தெருவில் அப்படியொரு பிள்ளை வளர்ந்தால், ஆலயத்தில் அது ஓடியாடும்போது முகம் சுளிக்காமல், வளர்க்கிற அந்த அம்மாவுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுங்கள். மூன்றாவதாக, உங்களில் யாராவது ஒரு குடும்பம் பிள்ளையை ஏற்க மனம் வைத்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுங்கள். தனியாக யாரிடமும் பேசிப் பிள்ளையை வாங்கவேண்டாம்.

தாயும் தகப்பனும் இல்லாத எஸ்தரைத் தன் மகளாக எடுத்து வளர்த்தவர் மொர்தெகாய். அரண்மனைக்குப் போனபின்பும் அவர் விட்டுவிடவில்லை. அவள் சுகத்தை விசாரிக்கத் தினந்தோறும் முற்றத்துக்கு முன்பாக நடந்துகொண்டிருந்தார். நாங்களும் அப்படித்தான் அந்த வீடுகளின் வாசலுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். எங்களை அனுப்புகிறவர்கள் நீங்கள்.