ஆராய்ச்சியும் களஞ்சியம் சேரவேண்டும்

(உழவர் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அரசுப் பணத்தில் நடைபெறும் வேளாண்மை ஆராய்ச்சியின் முடிவுகள் எங்கே போய்ச் சேருகின்றன, அவற்றை நீங்கள் படிக்க வழியுண்டா என்பது பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

ஆராய்ச்சி முடிந்ததும் விஞ்ஞானி அதைக் கட்டுரையாக எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்புகிறார். அத்துறை வல்லுநர்கள் படித்துக் குறைகளைச் சுட்டுகின்றனர். திருத்திய பின் கட்டுரை ஏற்கப்படுகிறது. ஆனால் பல ஆய்விதழ்கள் சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே கட்டுரையைத் தருகின்றன. ஆராய்ச்சிக்குப் பணம் தந்தவர்கள் மக்கள். சில வேளைகளில் சோதனைக்கு நிலம் தந்தவரும் ஓர் உழவரே. அவர் முடிவைப் படிக்க மீண்டும் விலை கொடுக்கவேண்டும் என்பது முறையாகுமா?

இக்குறையை நீக்க இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 2013ஆம் ஆண்டில் ஒரு கொள்கை வகுத்தது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும், உயிர்த் தொழில்நுட்பத் துறையும் 2014இல் இதே நோக்கத்துடன் ஒரு கொள்கையை வெளியிட்டன. ஆராய்ச்சிக் கழகத்தின் கொள்கைப்படி விஞ்ஞானிகள் செய்யவேண்டியவை மூன்று.

1. பதிப்புரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே இக்கொள்கையைப் பதிப்பாளருக்குத் தெரிவிக்கவேண்டும். உரிமை முழுவதையும் எழுதிக்கொடுத்த பின் கேட்பதில் பயனில்லை.

2. கட்டுரை ஏற்கப்பட்டவுடன், வல்லுநர் சரிபார்த்த இறுதிக் கையெழுத்துப் படியைத் தம் நிலையத்தின் மின்னணுக் களஞ்சியத்தில் சேர்க்கவேண்டும். பதிப்பாளர் அச்சிட்ட பக்கங்கள் வேறு, ஆசிரியரின் படி வேறு. சேர்க்கவேண்டியது ஆசிரியரின் படியே.

3. பதிப்பாளர் காத்திருப்புக் காலம் கேட்டால் அது 12 மாதங்களுக்கு மேற்படக்கூடாது.

கட்டுரை அச்சில் வந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் உண்டு. அது நெல்லை அறுத்துக் களத்திலேயே விட்டுவிடுவது போன்றதாகும்.

2025ஆம் ஆண்டு முதல் "ஒரே நாடு ஒரே சந்தா" என்னும் திட்டத்தின் கீழ் மத்திய அரசே பல ஆய்விதழ்களுக்குச் சந்தா செலுத்துகிறது. இதன் பயன் அரசு கல்வி நிலையங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் உள்ளவர்களுக்கே. வீட்டிலிருந்து படிக்கும் உழவருக்குக் களஞ்சியம்தான் துணை. ஆகவே அதன் தேவை குறைந்துவிடவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? வேளாண் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளும் கட்டுரைகளும் "கிருஷிகோஷ்" என்னும் இணையக் களஞ்சியத்தில் தொகுக்கப்பட்டு வருகின்றன. பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. பயிரின் பெயரையும் உங்கள் ஐயத்தையும் குறித்துக்கொண்டு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள். தேடித்தரவும் தமிழில் விளக்கவும் கேளுங்கள். உங்கள் வயலில் சோதனை நடத்த இடம் கொடுக்கும்போது, "முடிவை எங்கே, எப்போது வெளியிடுவீர்கள்? எனக்கு ஒரு படி கிடைக்குமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆய்வுக் கட்டுரை வேறு, சிபாரிசு வேறு. ஒரு மண்ணில், ஒரு பருவத்தில் கண்ட முடிவு உங்கள் நிலத்துக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம். உர அளவையோ மருந்து அளவையோ மாற்றுமுன் வேளாண்மை அலுவலரைக் கலந்துகொள்ளுங்கள். முதலில் சிறு பாத்தியில் செய்து பாருங்கள்.

மக்கள் பணத்தில் விளைந்த அறிவு மக்களைச் சேரவேண்டும். சேர்ப்பது எங்கள் கடமை. கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.