ஏவலுக்குள் இருக்கும் பணிவு

ஜெர்மன் படிக்கத் தொடங்குகிறவர்கள் பலர் ஏவல் வினைக்கு வந்ததும் தயங்குகிறார்கள். ஏவல் என்றாலே அதட்டல், அதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பார் என்று ஓர் அச்சம். அந்த அச்சம் வேண்டியதில்லை என்பதே என் கட்சி. ஜெர்மன் மொழியில் ஏவல் வினை தன்னளவில் கடுமையானதல்ல. அதை ஒட்டி நிற்கும் சின்னச் சொற்கள்தான் அதைப் பணிவாக்குகின்றன.

'கொம்' என்றால் 'வா'. நெருங்கியவர்கள் பலராக இருந்தால் 'கொம்ட்'. மரியாதை தரவேண்டியவரிடம், அவர் ஒருவரானாலும் பலரானாலும், 'கொமென் ஸீ'. முதல் இரண்டிலும் முன்னிலைப் பெயர் மறைந்துவிடுகிறது. மூன்றாவதிலோ 'ஸீ' விழுவதே இல்லை. ஏவும்போதே எதிரில் நிற்பவரை மரியாதையோடு விளித்தாக வேண்டும். அந்த 'ஸீ', 'அவர்கள்' என்னும் படர்க்கைப் பன்மையிலிருந்து வந்தது. ஒருவரைப் பன்மையாக்கி 'வாருங்கள்' என்கிற நமக்கு இந்த வழி புதிதல்ல. அடுத்தது 'பிட்டே'. வேண்டுதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த சொல் இது. 'வார்ட்டென் ஸீ பிட்டே' என்றால் 'காத்திருங்கள், வேண்டிக் கேட்கிறேன்' என்பது பொருள். இன்னொன்று 'மால்'. 'ஒரு தடவை' என்பது அதன் வேர்ப்பொருள். சாப்பாட்டு மேசையில் 'கிப் மியர் மால் டாஸ் ஸால்ட்ஸ்' என்பார்கள். 'அந்த உப்பைக் கொஞ்சம் எடுத்துக் கொடு' என்று நாம் சொல்வதும் இதுதான். இங்கே 'கொஞ்சம்' உப்பின் அளவைச் சொல்லவில்லை; கேட்கிற வேலையின் கனத்தைக் குறைக்கிறது. 'மால்' செய்வதும் அதையே.

'உதவ முடியுமா' என்று கேள்வியாகக் கேட்பதுதானே இன்னும் பணிவு என்று சிலர் கேட்கலாம். முன்பின் தெரியாதவரிடம் பெரிய உதவி கேட்கையில் அது சரி. 'க்யோன்ட்டென் ஸீ' என்று தொடங்கும் கேள்வி அதற்கென்றே இருக்கிறது. ஆனால் பலன் எதிரில் இருப்பவருக்கே போகும்போது ஏவல்தான் பொருத்தம். 'நேமென் ஸீ டோஹ் நொஹ் ஐன் ஷ்டுக் கூஹென்' என்று விருந்தினருக்குக் கேக் நீட்டுவதும், 'இன்னும் ரெண்டு இட்லி வச்சுக்குங்க' என்று நாம் பரிமாறுவதும் ஒரே அன்புதான். அங்கே 'எடுத்துக்கொள்ள முடியுமா' என்று கேட்டால் உபசாரம் கெட்டுவிடும். 'பிட்டே' சேர்த்தும் அதட்டலாம் என்பது இன்னொரு மறுப்பு. உண்மை. கூட்டத்தைக் கலைக்கும் காவலர் 'கேயென் ஸீ பிட்டே வைட்டர்' (நகர்ந்து செல்லுங்கள்) என்றால் அது உத்தரவே. 'கொமென் ஸீ' என்ற அதே இரண்டு சொல், குரல் ஏறினால் 'வருகிறீர்களா', இறங்கினால் 'வாருங்கள்'. சொற்கள் பாதி வேலையைச் செய்கின்றன. மீதி குரலில் இருக்கிறது.

ஆகவே ஜெர்மன் படிக்கும் அன்பர்களே, ஏவல் வினையைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். 'ஸீ', 'பிட்டே', 'மால்' ஆகியவற்றைச் சேர்த்து முழு வாக்கியமாக, காதால் கேட்டுப் பழகுங்கள். அப்படிப் பழகியவர் தயங்காமல் கேட்பார்; எதிரில் இருப்பவருக்கும் மனம் நோகாது.