வர்றவங்க வரட்டும், கரை நம்ம கையில் இருக்கட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சுற்றுலாவைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. "அது ஊட்டி, கொடைக்கானல்காரங்க சமாச்சாரம், நமக்கு என்ன?" என்று சிலர் நினைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேட்டில் போய் நின்று பாருங்க. மீன் வாங்க வர்றவங்களோட, செல்போனைத் தூக்கிக்கிட்டு வீடியோ எடுக்க வர்றவங்களும் இருப்பாங்க. 2023இல் அரசு வட சென்னை வளர்ச்சித் திட்டத்தை 1,000 கோடி ரூபாயில் அறிவித்தது. நம்ம பக்கத்துக் கடற்கரைகளை அழகுபடுத்துற பேச்சும் கூடவே வந்தது. ஆக, ஆட்கள் வரத்தான் போறாங்க. வரும்போது யாருக்கு வருமானம், யாருக்கு இடம் போகும்? இதை இப்பவே யோசிக்கணும்.

முதல்ல ஒரு விஷயம். மெரினாவில் அவ்வளவு மணல் எப்படி வந்தது தெரியுமா? 1870களில் துறைமுகம் கட்ட ஆரம்பிச்சாங்க. நம்ம கடலில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாச்சு. வடக்கே வர வேண்டிய மணல் வராமல் நம்ம கரையைக் கடல் அரிச்சது. அந்தப் பக்கம் உலகமே வந்து பார்க்கிற கடற்கரை. இந்தப் பக்கம் கல்லு கொட்டின கரை. நமக்கு மிச்சம் இருக்கிற கரையே கொஞ்சம். வலை காய வைக்க, கருவாடு போட, படகு ஏத்த அதுதான் இடம். அதிலும் நடைபாதையும் கடைகளும் போட்டு "வேலி தாண்டி வராதே" என்று நம்மளையே சொன்னால் என்ன செய்வோம்?

இது வீண் பயம் இல்லை. 2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலையில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று மீன் கடைகளை அப்புறப்படுத்தினாங்க. விற்றவர்களில் பெரும்பாலும் பெண்கள். நொச்சிக்குப்பத்து மக்கள் மீனோடு சாலையில் உட்கார்ந்து போராடினாங்க. புது மீன் அங்காடி திறந்தது 2024 ஆகஸ்டில். அங்காடி நல்லதுதான். ஆனால் இடத்தை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் எடுத்திருந்தால் அந்தக் கண்ணீர் தேவைப்பட்டிருக்காது. நாம கேட்க வேண்டியது இந்த வரிசையைத்தான்: முதலில் தொழிலுக்கு இடம், பிறகு அழகு.

இன்னொரு பாடம் பழவேற்காடு. பூநாரை பார்க்க, டச்சுக்காரர் கல்லறை பார்க்க ஆட்கள் வர்ற இடம். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று சுற்றிப் பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனாங்க. அதுக்கப்புறம் சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. உயிரும் போச்சு, அதை நம்பியிருந்த பிழைப்பும் போச்சு. ஒழுங்கு இல்லாமல் வர்ற வருமானம் ஒரே நாளில் போயிடும். அதே ஊரில் முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் கூடை, பெட்டி பின்னி விற்கிறாங்க. கைத்தொழில் என்பதால் கூட்டம் குறைஞ்ச நாளிலும் அவங்க பொருளை வெளியூருக்கு அனுப்பலாம்.

சரி, நம்மள மாதிரிப் பெண்கள் இதைச் செய்ய முடியுமா? செஞ்சிருக்காங்க. மகாராஷ்டிராவில் சிந்துதுர்க் மாவட்டத்தில் வெங்குர்லா என்று ஒரு கடலோர ஊர். அங்கே ஸ்வாமினி என்கிற மகளிர் சுய உதவிக் குழு 2017இல் கழிமுகத்தில் படகுச் சுற்றுலா ஆரம்பித்தது. மோட்டார் கிடையாது, பெண்களே துடுப்புப் போடுறாங்க. அலையாத்தி மரம், நண்டு, பறவை எல்லாவற்றையும் அவங்களே காட்டி விளக்குறாங்க. மரம் இருந்தால்தான் வருமானம் என்பதால் காட்டுக்கும் அவங்களே காவல்.

நமக்கும் எண்ணூர் கழிமுகம் இருக்கு, அலையாத்தியும் இருக்கு. ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தண்ணியில் எண்ணெய் கலந்து படகும் வலையும் கறுத்துப் போனதை நாம பார்த்தோம். சாம்பலும் கழிவும் கலக்கிற தண்ணியில் யாரை உட்கார வைத்துப் படகு ஓட்டுறது? கழிமுகத்தைச் சுத்தம் பண்ணு என்று கேட்பது மீனுக்காக மட்டும் இல்லை, நாளைக்கு வரப்போற இந்தப் பிழைப்புக்காகவும்தான்.

அதுவரைக்கும் கரையில் செய்யக்கூடியது இருக்கு. 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம், படகோட்டிகள் கட்டின புனித பேதுரு தேவாலயம், காசிமேடு ஏலம், திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில், கடலோரம் பட்டினத்தார் சமாதி. ஒரு காலை நேரத்தில் சுற்றிக் காட்டலாம். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர், அதுக்கு மேல் வேண்டாம். தலைக்கு 300 ரூபாய் என்றால் 3,600. அதில் பாதி மதியச் சாப்பாட்டுக்கு: மீன் குழம்பு, நெத்திலி வறுவல், இறால் தொக்கு. மீதி 1,800இல் வழிகாட்டுற இரண்டு பேருக்குக் கூலி, வேன் செலவு, கூட்டமைப்புக்கு ஒரு பங்கு. யார் சமைக்கிறது என்பது குழு முறை வைத்து. வரவு செலவு கூட்டத்தில் வாசிக்கணும்.

சில கட்டுப்பாடும் நாமளே போடணும். சாப்பாடு வாழை இலையில், பிளாஸ்டிக் வேண்டாம். வலையை மிதிக்கக் கூடாது. கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்கக் கூடாது. சமைக்கிற குழு உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கியிருக்கணும்.

இதை நம்பிப் பெரிய கடன் வாங்காதீங்க. சுனாமி வந்த 2004லும், கொரோனா வந்த 2020லும் முதலில் நின்றது வெளியூர் ஆட்கள் வருகைதான். மீன், தையல், கருவாடு எதுவானாலும் இருக்கிற தொழிலை விடாமல் பக்க வருமானமாக வைத்துக்கொள்ளணும். சங்கக் கடனில் ஆரம்பிச்சால் போதும்.

கடைசியாக ஒன்று. வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது வீட்டில் உட்கார்ந்திருக்காதீங்க. கடற்கரைத் திட்டம் எது வந்தாலும் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்க. வலை காய வைக்கிற இடம் எங்கே, மீன் விற்கிற இடம் எங்கே, பெண்களுக்குக் கழிப்பறை எங்கே, கடைகளில் குழுக்களுக்கு எத்தனை என்று கேளுங்க. தனியாகக் கேட்டால் பதில் வராது. கூட்டமைப்பு முத்திரை வைத்த மனுவோடு ஐம்பது பேர் போனால் வரும். வாரா வாரம் பத்து ரூபாய், இருபது ரூபாய் போட்டு இந்தக் கூட்டமைப்பை நாம வளர்த்தது கடனுக்கு மட்டும் இல்லையே.