படையலில் இடம் இருந்தால் காட்டிலும் இடம் இருக்கும்



படையலுக்கு இன்ன காய், இன்ன கனி என்று தேர்ந்து வைக்கும் வழக்கம் பொருளுள்ளதா, பொருளற்றதா? இதுதான் இன்றைய பட்டிமன்றத் தலைப்பு. பொருளுள்ளது என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ஒரு கேள்வி போட்டார். "சாமிக்கு மனசுதான் முக்கியம். பனங்கிழங்கு வைத்தால் என்ன, ஆப்பிள் வைத்தால் என்ன?" நீங்களும் கை தட்டினீர்கள். அதோடு நிற்காமல், நமக்குப் பக்கத்துத் திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமணரையும் துணைக்கு அழைத்தார். 'நான் யார்' என்று கேட்கச் சொன்ன ஞானி, தாம்பாளத்தில் என்ன இருக்கிறது என்றா கேட்டார் என்றார்.

அண்ணே, ரமணரை நீங்கள் அழைத்தது நல்லதாகப் போயிற்று. அவருடைய தாயார் அழகம்மாள் 1922-இல் மறைந்தார். அவருடைய சமாதியின் மேல் திருவண்ணாமலை ஆசிரமத்தில் மாத்ருபூதேஸ்வரர் ஆலயம் எழுந்தது. 1949-இல், ரமணர் உடலோடு இருந்த காலத்திலேயே, அதற்குக் குடமுழுக்கு நடந்தது. நாள்தோறும் பூசையும் நைவேத்தியமும் அங்கே உண்டு. தனக்குள்ளே தேடச் சொன்ன அந்த மகான், இன்னொருவர் கையில் ஏந்திவந்த தட்டைத் தடுக்கவில்லை.

சாமிக்கு எல்லாம் ஒன்றுதான் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நம்முடைய காட்டுக்கு எல்லாம் ஒன்று இல்லை. என் வாதம் முழுவதும் இதில்தான் நிற்கிறது. ஒரு பொருள் தாம்பாளத்தில் ஏறும்வரைக்கும்தான், அதை விளைவிக்க ஒருத்தர் இருப்பார், அந்த மரத்தை வெட்டாமல் காக்க ஒருத்தர் இருப்பார்.

பனங்கிழங்கையே எடுத்துக்கொள்வோம். பொங்கலுக்கு அருப்புக்கோட்டை பஜாரில் கட்டுக் கட்டாக வந்து இறங்குகிறதே, அது எங்கிருந்து தொடங்குகிறது? ஆடி, ஆவணியில் பனம்பழம் விழ வேண்டும். கொட்டைகளைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். புரட்டாசியில் மணலைக் கூட்டிப் பாத்தி கட்டி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை அந்தப் பாத்தியில் இறங்க வேண்டும். பிறகுதான் மார்கழிக் கடைசியில் தோண்டினால் கிழங்கு. மழை பொய்த்த ஆண்டில் கிழங்கு சிறுத்துவிடும். வேகவைத்து உரிக்கும்போதே அந்த வருஷத்து மழை எப்படி என்று வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்துவிடும். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் ஏறத்தாழப் பாதிக்கு ஐப்பசியையும் கார்த்திகையையும் நம்பியிருக்கிற இந்த மானாவாரிச் சீமையில், சூரியனுக்கு முன்னால் எதை வைத்து நன்றி சொல்வது? அந்த மழையைக் குடித்து முளைத்ததை வைத்துத்தானே!

இன்னொன்றையும் கவனியுங்கள். கிழங்கு வேண்டுமென்றால் பெண்பனை நிற்க வேண்டும். ஆண்பனை பூக்கும், காய்க்காது. வளர்ந்துவரும் கன்று ஆணா பெண்ணா என்று தெரிவதற்கே பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அப்படி ஒரு தலைமுறை காத்திருந்து வளர்த்த மரத்தைச் செங்கல் சூளைக்கு விறகாக ஏற்றிவிட்டதை இந்தச் சீமை கண்ணால் பார்த்திருக்கிறது. பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. மனமார வரவேற்கிறேன். ஆனால் சட்டம் அரிவாளைத்தான் தடுக்கும். அந்த மரத்தின்மேல் ஆசையை யார் வளர்ப்பது? தோண்டிய கிழங்கு மரமாகாது, உண்மைதான். ஆனாலும் தை பிறந்தால் நாலு கட்டுக் கிழங்கு விலைபோகும் என்று பாத்தி போடுகிற குடும்பம், வரப்பில் நிற்கிற பெண்பனைக்கு விலை பேச வருகிறவனைத் திருப்பி அனுப்பும். அந்த மரத்துக்குக் காவல் நம் வீட்டுப் படையல்தான்.

உடனே எதிரணியில் அம்மா ஒருவர் குறிப்பு எழுதுகிறார். என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரியும். "கரும்பு இந்தக் கரிசலில் விளைகிறதா? மேலூரிலிருந்து லாரியில்தானே வருகிறது?" ஆமாம் அம்மா. தண்ணீர் பாயும் சீமையிலிருந்துதான் வருகிறது. வெளியூர்ப் பொருள் எதையும் வைக்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. நம் மண் தராத ஒன்றை, அதன் அருமை தெரிந்து, வருஷத்துக்கு ஒருமுறை தேடி வாங்கி வைப்பதும் தேர்வுதான். கரும்பு வாசலில் ஏறியதும் வீட்டுக்குள் ஒரு களை வருகிறது பாருங்கள், அது இல்லாத ஊருக்குத்தான் அதிகமாகத் தெரியும். நான் எதிர்ப்பது தேர்வே இல்லாமல் வாங்குவதை. கடையில் பளபளப்பாக அடுக்கியிருக்கிறது, பக்கத்து வீட்டில் வைத்தார்கள், நாமும் வைப்போம் என்று ஒட்டுச்சீட்டோடு எடுத்துவந்து வைக்கிறோமே, அதை எதிர்க்கிறேன்.

தேர்ந்து வைப்பது எப்படி என்பதற்கு வியட்நாமைப் பாருங்கள். அவர்களுக்கும் நம் தைப் பொங்கலை ஒட்டி, ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ சந்திரப் புத்தாண்டு வரும். பெயர் தேத். முன்னோர் மாடத்தில் ஐந்து கனித் தட்டு ஒன்றை வைப்பார்கள். தெற்கே சைகோன் பக்கம் அந்த ஐந்தும் சீத்தா, அத்தி, தேங்காய், பப்பாளி, மாம்பழம். அவர்கள் மொழியில் இந்தப் பெயர்களைத் தொடர்ந்து உச்சரித்தால், 'செலவுக்குப் போதுமான செழிப்பைக் கொடு' என்ற வேண்டுதல்போல் ஒலிக்கும். குவித்துக்கொடு என்று கேட்கவில்லை, போதுமானதைக் கேட்கிறார்கள். கண்மாய் ஒருமுறை நிறைந்தால் போதும் என்று வேண்டுகிற நமக்கு, இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதே நாட்டில் வடக்கே போனால், பச்சை வாழைச் சீப்புதான் தட்டின் அடியில் இருந்து மற்ற கனிகளைத் தாங்கும். தெற்கேயோ பல வீடுகளில் வாழையைத் தட்டிலேயே சேர்க்க மாட்டார்கள், அதன் பெயர் சரிந்து விழுவதைக் குறிக்கும் சொல்போல ஒலிப்பதால். "ஒரே நாடு, ஒரே வாழை, அங்கே மங்கலம், இங்கே ஆகாது. அப்படியென்றால் எல்லாம் மனக்கற்பனைதானே!" என்று எதிரணி கேட்கலாம். நான் அந்தத் தட்டுகளை வேறு மாதிரிப் படிக்கிறேன். தெற்கே மேகோங் ஆற்றுப் படுகை. தென்னையும் மாவும் பப்பாளியும் அங்கே செழிக்கும். வடக்கே குளிர் உண்டு. வாழையோடு பம்பளிமாசும் ஆரஞ்சும் தட்டில் ஏறும். ஒலிப்பொருத்தமெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது, முதலில் வந்தது விளைச்சல் என்றுதான் நான் நினைக்கிறேன். தட்டைப் பார்த்து வீடு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

அந்தச் சைகோனில் நம் மாரியம்மனும் இருக்கிறாள். 19-ஆம் நூற்றாண்டில் வட்டித்தொழிலுக்குப் போன நம் நகரத்தார் எழுப்பிய கோயில். இன்றைக்கு அங்கே பழமும் பூவும் ஏந்திக் கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்களே. நம் ஆத்தாளும் அவர்கள் தட்டை ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.

அவர்கள் தட்டில் சீத்தாவுக்கு இடம் இருக்கிறது. நம் அருப்புக்கோட்டையில்? இங்கே வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிக்கு ஏற்ற சீத்தா ரகம் ஒன்றை ஏ.பி.கே. 1 என்று ஊர்ப் பெயரிலேயே வெளியிட்டார்கள். கல்லுக்காட்டிலும் வரும். இலையை ஆடு கடிக்காது. வெள்ளாடு திரியும் ஊரில் இதைவிடப் பெரிய வரம் என்ன வேண்டும்? புரட்டாசி, ஐப்பசியில் பழம் வரத்து இருக்கும், ஆயுத பூசைக்குச் சரியாக. நாம் அன்றைக்கு என்ன செய்கிறோம்? தறிக்கும் மெஷினுக்கும் லாரிக்கும் பொட்டு வைத்துவிட்டு, முன்னால் காஷ்மீர் ஆப்பிளை அடுக்குகிறோம். சந்தையில் சாக்கை விரித்துச் சீத்தாப்பழம் விற்கும் அக்காவைத் தாண்டிப் போய்த்தான் அந்த ஆப்பிளை வாங்குகிறோம்! எனக்கு இதில் கோபம் இல்லை என்று சொன்னால் பொய்.

டிராகன் பழம் இப்போது தட்டில் ஏறிவிட்டது. நம் நாட்டுக்கு அது பெருமளவில் இறக்குமதியானதே வியட்நாமிலிருந்துதான். தேத் தட்டில் அவர்கள் அதை வைக்கிறார்கள், அவர்கள் தோட்டத்துப் பழம். அது ஒரு கள்ளிச்செடி. நம் வேலியோரத்தில் முள்ளோடு நிற்கிறதே சப்பாத்திக்கள்ளி, அதற்கு உறவு. பிள்ளைப் பருவத்தில் முள்ளை நீக்கி, வாயெல்லாம் சிவக்கச் சிவக்கத் தின்ற பழத்தின் பங்காளியைக் கடல் தாண்டி வரவழைத்துக் கும்பிடுகிறோம்.

நம் முன்னோர் இந்தத் தவற்றைச் செய்யவில்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு என்ன வைத்தார்கள்? விளாம்பழம், நாவல்பழம், கம்பங்கதிர். போகி அன்றைக்கு வீட்டு இறவாணத்தில் எதைச் செருகினார்கள்? கண்ணுப்பிள்ளைச் செடி, ஆவாரம்பூ, வேப்பிலை. தரிசில் தானாக முளைப்பதை, ஒருவர் காசு கொடுக்காமல் பறிக்கக்கூடியதை, மங்கலப் பட்டியலில் முதலில் எழுதினார்கள். இல்லாதவன் வீட்டிலும் பண்டிகை குறையக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. "சடங்கு என்றாலே செலவு" என்று எதிரணியில் சொன்னார்களே, செலவு எப்போது ஏறியது? அந்தப் பட்டியலை மறந்த பிறகுதான். இன்னதுதான் வைக்க வேண்டும் என்ற அளவு போனதும், எவ்வளவு வைத்தோம் என்ற போட்டி வந்து உட்கார்ந்துகொண்டது.

பெண்களுக்கு இந்த வழக்கம் பாரம் என்று எதிரணியில் சொன்னதை மட்டும் நான் மறுக்கப் போவதில்லை. மொச்சை உரிப்பதிலிருந்து சேனைக்கிழங்கு சீவிக் கை அரிப்பதுவரை அவர்கள் தலையில்தான் விழுகிறது. அதற்குத் தீர்வு வழக்கத்தைக் கைவிடுவதா? ஆண்பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகட்டும். பூசணிக்காயைத் தட்டிப் பார்க்க, கிழங்கு முற்றலா இளசா என்று ஒடித்துப் பார்க்க, அப்பத்தாக்கள் மகளுக்கும் மருமகளுக்கும் மட்டும் சொல்லிக்கொடுத்ததை இனி பேரன்களுக்கும் சொல்லிக்கொடுக்கட்டும். தெரிந்துகொண்டவன் வாங்குவான், வாங்குகிறவன் இருந்தால் விளைப்பவர் இருப்பார்.

எனக்குப் பிறகு பேச வரும் எதிரணி அன்பர் ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். பழம் எதுவானாலும் சரி என்று ஊர் முழுக்க நாளையே முடிவு செய்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விளாமரத்தையும் பெண்பனையையும் அடுத்த வருஷம் எந்தக் காரணத்துக்காக உங்கள் காட்டில் விட்டுவைப்பீர்கள்?