கிழவர் டிக்கெட்டும் மனுதர்மமும்

(தென்காசியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று இக்கூட்டத்தில் கடவுளைப்பற்றியோ, புராணத்தைப்பற்றியோ பேச வேண்டாம், வயோதிகர்களுக்கு ரயிலில் இருந்த கட்டணக் குறைவை சர்க்கார் பிடுங்கிக்கொண்டதைப்பற்றிப் பேசினால் போதும் என்று இவ்வூர்த் தோழர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நானும் சரியென்று ஒப்புக்கொண்டுதான் வந்திருக்கிறேன். ஆனால் நம் நாட்டில் டிக்கெட்டைப்பற்றிப் பேச ஆரம்பித்தாலும் அது மனுதர்மத்திலே போய் முட்டிக்கொண்டு நிற்கிறதென்றால், அதற்கு நான் ஜவாப்தாரியல்ல.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ரயிலில் 60 வயதான ஆண்களுக்குக் கட்டணத்தில் 100-க்கு 40-ம், 58 வயதான பெண்களுக்கு 100-க்கு 50-ம் தள்ளிக்கொடுத்து வந்தார்கள். 2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் 20-ந் தேதியோடு அது நிறுத்தப்பட்டது. ஏன் நிறுத்தினார்கள்? கொரோனா வந்துவிட்டது, கிழவர்கள் வீணாக வெளியே அலைந்து சாகக்கூடாது என்றார்கள். நல்லதுதான், நாமும் ஆட்சேபிக்கவில்லை. கொரோனா போய்விட்டது. வண்டிகளெல்லாம் ஓடுகின்றன, நமது பொதிகையும் முன்போலவே சாயங்காலம் செங்கோட்டையில் புறப்பட்டுக் காலையில் சென்னை போய்ச் சேருகிறது. ஆனால் கிழவர் டிக்கெட் மட்டும் திரும்பி வரவில்லை. வெகு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பார்லிமெண்டிலே கேட்டார்கள். அப்போது காரணம் மாறிவிட்டது. இப்போது சொல்லும் காரணம் பணம்! முதலில் உயிரைக் காப்பாற்ற நிறுத்தினார்களாம். பிறகு பணத்தைக் காப்பாற்றத் தொடர்கிறார்களாம். ஒரே காரியத்துக்கு வேளைக்கொரு காரணம் சொல்லுவது புரோகிதர்களுக்கு மாத்திரமே தெரிந்த வித்தை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

எவ்வளவு பணம் என்பதையும் பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின்படி ரயில்வேக்காரர்களே கொடுத்த கணக்கு இது. 2020 மார்ச்சு 20-லிருந்து 2025 பிப்ரவரி முடிய, வயோதிகர்கள் செய்த பிரயாணம் சுமார் 31 கோடியே 35 லட்சம். குறைவை எடுத்துவிட்டதால் இவர்களிடமிருந்து மாத்திரம் கூடுதலாக வந்த பணம் சுமார் 8,913 கோடி ரூபாய். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனல்ல. கணக்கெல்லாம் பலசரக்குக் கடையில் பொட்டலம் மடித்துக் கற்றுக்கொண்டதுதான். அந்தக் கணக்குப்படி வகுத்துப் பார்த்தேன். ஒரு கிழவனோ கிழவியோ ஒரு தடவை வண்டி ஏறினால், சராசரி 284 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த 284 ரூபாய் பெரிய தொகையா என்று கேட்பீர்கள். டில்லி சர்க்கார் ஏழை வயோதிகர்களின் பென்ஷனுக்காக, 80 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, மாதம் ஒன்றுக்குக் கொடுக்கும் பங்கு எவ்வளவு தெரியுமா? 200 ரூபாய்! இந்த நாட்டில் முதியோர் பென்ஷனை 1962-லேயே ஆரம்பித்தார்கள். 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக்கினார்கள். அதில் டில்லியின் பங்கு இந்த 200-தான். ஆக, ஒரு கையால் மாதம் 200 கொடுத்துவிட்டு, மறுகையால் ஒரே பிரயாணத்தில் 284 வாங்கிக்கொள்ளுகிறார்கள். பென்ஷன் வாங்குகிறவரும் ரயில் ஏறுகிறவரும் எல்லாச் சமயத்திலும் ஒரே ஆளல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் தெருவில் இரண்டும் ஒரே ஆள்தான்.

அந்த ஆளைப்பற்றிச் சொல்லுகிறேன். பீடி சுற்றுகிற ஒரு ஆச்சி. வயது 70-க்கு மேலாகிறது. மகளைச் சென்னையில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். முன்னெல்லாம் வருஷத்தில் இரண்டு தடவை, நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு டப்பா, முறுக்கு ஒரு டப்பா எடுத்துக்கொண்டு பேத்தியைப் பார்க்கப் போய்விடுவாள். இப்போது போவதில்லை. “ஏன் ஆச்சி, மகள் வீட்டுக்குப் போகலியா?” என்று கேட்டேன். “ஏலேய், பாதி டிக்கெட்டுன்னா என் பீடிக் காசுலயே போயிருவேன். முழு டிக்கெட்டுன்னா மருமவன்கிட்டல்லா கேக்கணும். கேட்டுப் போறதுக்குப் போவாமலே இருந்துக்கிடுதேன்” என்றாள்.

தோழர்களே! இதைத்தான் நாம் சுயமரியாதை என்கிறோம். அந்த ஆச்சி நம் பத்திரிகையைப் படித்தவளல்ல, நம் கூட்டத்துக்கு வந்தவளுமல்ல. ஆனாலும் ஒருவன் முன் கைநீட்டிக் காசு கேட்பது எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரிகிறது. பாதி டிக்கெட்டு என்பது அவளுக்கு வெறும் பாதிப் பணமல்ல, யாரையும் கேட்காமல் வீட்டைவிட்டுப் புறப்படும் சுதந்தரம். பெண்களுக்கு இரண்டு வருஷம் முந்தியே, 58-லேயே, அதிலும் பாதி தள்ளிக்கொடுத்ததற்கு நியாயம் இருக்கிறது. நம் சமூகத்தில் பெண்ணுக்குக் கையில் காசு ஏது? சொத்து ஏது? ஆயுள் முழுவதும் அடுப்படியில் கூலியில்லாமல் வேலை செய்தவளுக்கு 58 வயதில் யார் பென்ஷன் கொடுக்கிறார்கள்? ஆகவே இந்தக் குறைவை எடுத்தபோது ஆணுக்கு நஷ்டம் பணத்திலென்றால், பெண்ணுக்கு நஷ்டம் பணத்திலும் மானத்திலும்.

நிற்க, ரயில்வே மந்திரி தோழர் அஸ்வினி வைஷ்ணவ் என்ன சொல்லுகிறாரென்றால், 100 ரூபாய் செலவாகும் பிரயாணத்துக்கு சர்க்கார் 54 ரூபாய்தான் வாங்குகிறது, மீதி 46 ரூபாய் எல்லோருக்கும் ஏற்கெனவே கிடைக்கிற உதவிதான், 2022-23-ல் மாத்திரம் இப்படிக் கொடுத்தது 56,993 கோடி ரூபாய் என்கிறார். இருக்கட்டும். அது 25 வயது வாலிபனுக்கும் கிடைக்கிறது, வட்டிக்கடைக்காரனுக்கும் கிடைக்கிறது. எல்லோருக்கும் கொடுப்பதைக் காட்டி, இல்லாதவனுக்குத் தனியாகக் கொடுத்ததை நிறுத்துவது என்ன நியாயம்? பந்தியில் எல்லோருக்கும் சோறு போட்டாயிற்று, ஆகையால் பல் போன கிழவனுக்குக் குழைத்துப் போடமாட்டேன் என்பது போலல்லவா இருக்கிறது!

குறைவு இருந்த காலத்தில் அதனால் ரயில்வேக்குப் போன வருமானம் எவ்வளவென்று அதே மந்திரி பார்லிமெண்டில் சொல்லியிருக்கிறார். 2017-18-ல் 1,491 கோடி, 2018-19-ல் 1,636 கோடி, 2019-20-ல் 1,667 கோடி. நம் போன்றவர்களுக்கு இது மலைப்பான தொகைதான். ஆனால் 2024-25 பட்ஜெட்டில் ரயில்வேயின் புது வேலைகளுக்கும் புது வண்டிகளுக்கும் ஒதுக்கியது 2 லட்சத்து 62 ஆயிரம் கோடிக்கு மேல். அதற்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். 100-க்கு ஒரு ரூபாய்கூட இல்லை. பளபளவென்று வேகமாக ஓடும் வண்டி வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை, விஞ்ஞானம் வளரட்டும். அந்த வண்டிக்குப் பூசும் வர்ணத்தின் செலவைக் கிழவியின் முந்தானை முடிச்சிலிருந்து எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்லுகிறேன்.

பணக்காரக் கிழவர்களும் இதை அனுபவித்தார்களே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. குளிர்சாதன முதல் வகுப்பில் போகிற மில் முதலாளிக்கு 40 தள்ளிக்கொடுக்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் இதற்கும் வழி சொல்லியாகிவிட்டது. சொன்னவர்கள் நம்மைப்போன்ற நாத்திகர்களல்ல. பார்லிமெண்டின் ரயில்வே நிலைக்குழு. அதன் தலைவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர். படுக்கை வகுப்பிலும் மூன்றாவது ஏ.சி.யிலுமாவது திருப்பிக் கொடுக்கலாமென்று 2022-லேயே சொன்னார்கள். கேட்பாரில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்கும் போய்ப் பார்த்தார்கள். இது சர்க்கார் கொள்கை விஷயம், நாங்கள் உத்தரவிட முடியாது என்று 2023 ஏப்ரலில் தள்ளிவிட்டார்கள்.

இதனிடையே ஒரு வேடிக்கை. பார்லிமெண்டு மெம்பராக ஒரு தடவை இருந்துவிட்டால், பதவி போன பிறகும் ஆயுள் பரியந்தம் ரயிலில் இலவசம். இரண்டாவது ஏ.சி.யில் துணைக்கு ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு போகலாம், தனியே போனால் முதல் ஏ.சி.யிலேயே போகலாம். கொரோனா காரணமும் பணக் காரணமும் அந்தப் பாஸுக்கு மாத்திரம் ஏனோ பொருந்தவில்லை! அவர்களும் கிழவர்கள்தானே, பாவம், போகட்டும்.

இனி நம் மாகாண சர்க்கார் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம். ஒரு பக்கத்தை மட்டும் பேசினால் கட்சிப் பிரசாரமாகிவிடும். சென்னை நகரப் பஸ்களில் 60 வயதானவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் என்று 2016-ல் ஏற்படுத்தினார்கள். அதுவும் கொரோனாவில் நின்றது. ஆனால் பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே நிறுத்தியதைத் திருப்பிக் கொடுக்க முடியும் என்பதற்கு அத்தாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசம். அதை நான் கைதட்டி வரவேற்கிறேன். ஆனால் தென்காசிக் கிழவனுக்குச் சென்னைக் கிழவனுக்குள்ள டோக்கன் இல்லை. இங்கிருந்து குற்றாலத்துக்கு டவுன் பஸ்ஸில் போனால் பாட்டி சும்மா ஏறிவிடுகிறாள், தாத்தா சில்லறைக்கு மடியைத் தடவுகிறார். சென்னையில் வயதானால்தான் வயதா?

அதே சர்க்காரின் அறநிலையத் துறை 2022-லிருந்து என்ன செய்கிறதென்றால், 60-லிருந்து 70 வயது வரையுள்ளவர்களை ராமேஸ்வரத்திலிருந்து காசிக்குச் செலவில்லாமல் அழைத்துப் போகிறது. முதல் தடவை 200 பேர். இந்துவாக இருக்கவேண்டும், இறை நம்பிக்கை இருக்கவேண்டும் என்று நிபந்தனை வேறு. காசிக்குப் போக முடியாத ஜனங்களுக்காகத்தான் பராக்கிரம பாண்டியன் இங்கே விசுவநாதர் கோவிலைக் கட்டினான் என்று கோவில்காரர்களே சொல்லுகிறார்கள். 500 வருஷத்துக்கு முன் அரசன் காசியையே இங்கே கொண்டுவந்துவிட்டான். இன்றைய சர்க்கார் மறுபடியும் அங்கே அனுப்புகிறது! சாமியைப் பார்க்கக் காசிவரைக்கும் போகலாம், பேத்தியைப் பார்க்கத் தாம்பரம்வரை போக முடியாது. கண் ஆபரேஷனுக்குத் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவனும் தன் காசில்தான் போகவேண்டும்.

மனுதர்மத்துக்கு வருகிறேன் என்றேன். தோல் சுருங்கி, தலை நரைத்து, பேரனையும் கண்டுவிட்டால் ஒருவன் வீட்டைவிட்டுக் காட்டுக்குப் போகவேண்டும் என்று மனு சொல்லுகிறான். வானப்பிரஸ்தமென்று பேர் வைத்திருக்கிறார்கள். அதுவும் துவிஜர்களுக்குத்தான், சூத்திரர்களாகிய நமக்கு அந்தக் காடும் இல்லை! கிழவனானால் ஒதுங்கிவிட வேண்டும், ஆசைப்படக்கூடாது, அலையக்கூடாது, ராமா கிருஷ்ணா என்று மூலையில் கிடக்கவேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் நம் மூளையில் புகுந்தது. இந்தக் குறைவு போனபோது நம் வீட்டுப் பெரியவர்களில் எத்தனை பேர், “வயசான காலத்தில் நமக்கெதுக்குப் பிரயாணம்? தலையெழுத்து” என்று சொன்னார்கள்! பத்து நாளைக்கு முன் ஒரு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற ஒரு வாலிபனே ஒரு பெரியவரிடம், “வீட்டிலே கிடக்கவேண்டியதுதானே தாத்தா” என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அந்தப் பையன் மனுதர்மத்தைப் படித்திருக்கவேமாட்டான். படிக்காமலே பேசுகிறான் பாருங்கள், அதுதான் அதன் சாமர்த்தியம்!

வெளிநாட்டில் நடந்ததையும் சொல்லுகிறேன். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கிக்கொள்ள வயோதிகர்களுக்கு சர்க்கார் பணம் கொடுத்து வந்தது. 2024-ல் தொழிற்கட்சி மந்திரிசபை, பரம ஏழைகளைத் தவிர மற்றவர்களுக்கு இல்லை என்று நிறுத்திற்று. சுமார் ஒரு கோடி பேருக்குப் போய்விட்டது. கிழவர்கள் சும்மா இருந்தார்களா? தலையெழுத்தென்று சர்ச்சுக்குப் போனார்களா? மெம்பர்களுக்குக் கடிதம் எழுதிக் குவித்தார்கள், ஓட்டுச் சாவடியில் காட்டினார்கள். 2025 ஜூனில் அதே மந்திரிசபை, வருஷ வருமானம் 35,000 பவுனுக்கு உட்பட்ட எல்லோருக்கும் திருப்பித் தருகிறோமென்று இறங்கி வந்துவிட்டது.

நம்மிடம் ஆள் இல்லையா? 2011 ஜனக்கணக்குப்படியே தமிழ்நாட்டில் 100-க்கு 10 பேருக்குமேல் 60 வயதானவர்கள். பெரிய மாகாணங்களில் கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். இத்தனை ஓட்டையும் கையில் வைத்துக்கொண்டு, “ஐயா, சலுகை” என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். சலுகை என்ற வார்த்தையே எனக்குப் பிடிக்கவில்லை. சலுகை என்றால் கொடுப்பவன் தயவு, தர்மம், புண்ணியம். அவன் மனம் மாறினால் போய்விடும், போயும்விட்டது. இந்த மலையில் தண்டவாளம் போட்டு 1904-ல் கொல்லத்துக்கு வண்டி விட்டபோது கல் சுமந்தவர்கள் யார்? நம் தாத்தாக்களும் பாட்டிகளும். அவர்கள் பேரன்மார் வரி கொடுத்து ஓட்டுகிற வண்டி இது. ஆகையால் தயவு கேட்க வேண்டியதில்லை. சட்டத்தில் எழுதி வை என்று கேளுங்கள். சட்டத்தில் ஏறிவிட்டால் ஒரு சுற்றறிக்கையால் எந்த மந்திரியும் அதை எடுக்க முடியாது.

மகஜர் ஒன்று தயாராயிருக்கிறது. படுக்கை வகுப்பிலும் சாதாரண வகுப்பிலும் உடனே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது ஒன்று. பஸ் டோக்கன் எல்லா ஜில்லாவுக்கும் வேண்டுமென்பது மற்றொன்று. மேடைக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்திருக்கிறார்கள். நான் சொன்ன ஆச்சி நேற்றே ரேகை வைத்துவிட்டாள். கையெழுத்துத் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் வாருங்கள், மை இருக்கிறது.